வழியில் நிற்காத லாரி

நிவாரணம் என்றால் நல்ல மனசு இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல மனசுக்கு மலாக்காவில் எப்போதும் பஞ்சமில்லை. லாரிக்குத்தான் பஞ்சம்.

அந்தக் காலத்தில் காஜா பேராங்கில் சொந்தமாக லாரி வைத்திருந்த தமிழன் நான் ஒருவன்தான். கிளேபாங்கிலிருந்து தேங்காய், செமாபோக்கிலிருந்து செங்கல், கல்யாண வீட்டுக்கு நாற்காலி, எதுவென்றாலும் ஏற்றுவேன். மேட்டில் ஏறும்போது லாரி இருமும். பொன்னுதுரையும் கூடவே இருமுகிறான் என்று தெருவில் கேலி செய்வார்கள். இன்று அந்தத் தெருவில் ஒரு காரை நிறுத்த இடமில்லை. அன்று வண்டியை வேலியோரம் விட்டுவிட்டு ரம்புத்தான் மரத்தடியில் பாயைப் போட்டால் பொழுது சாய்வதே தெரியாது. அந்த நிழலை நினைத்தால் இப்போதும் எனக்குத் துக்கமாக இருக்கிறது. வயதானவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்தார்களே, அதற்கு முந்திய வருஷம். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜோகூரில் பேய்மழை பெய்து, சிகாமட் பக்கம் ஊர் ஊராகத் தண்ணீருக்குள் போய்விட்டது என்று செய்தி வந்தது. வந்ததுதான் தாமதம், காஜா பேராங் முழுக்க வீட்டிலிருந்ததைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயில் வளாகத்துக்கு வந்துவிட்டது. அரிசி வந்தது, உப்பு வந்தது, கருவாடு வந்தது. கூடவே கால் உடைந்த கட்டில், ஜரிகை போன கல்யாணக் கெபாயாச் சட்டை, ஒற்றைச் செருப்பு எல்லாம் வந்தன. வெள்ளத்தில் தவிக்கிறவனுக்கு ஒற்றைச் செருப்பு எதற்கு என்று கேட்டேன். அவனுக்கு இன்னொன்று போயிருக்கலாம் இல்லையா என்றார் கொடுத்தவர். இப்படிப்பட்ட ஜனங்களோடுதான் நான் வாழ்ந்தேன். இப்போது அவர்களுக்காக ஏங்குகிறேன்.

குவிந்ததை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு சேதுராமனிடம் இருந்தது. அவர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. சரக்கு ஏற்றி இறக்கும் கணக்கெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இனம் இனமாகப் பிரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அரிசி தனி மூட்டை, உப்பு தனி, துணி தனி. போய்ச் சேர்ந்த இடத்தில், எந்த ஊரில் எது குறைகிறதோ அதை அங்கே அனுப்புவார்கள்.

"ஒரு எடத்துல அரிசி இருக்கும், உப்பு இருக்காது. இன்னொரு எடத்துல துணி இருக்கும், அரிசி இருக்காது. பிரிச்சு வெச்சாத்தான் சமமாப் போய்ச் சேரும்லா," என்றார்.

அதில் தப்பே இல்லை. ஆனால் அலமேலு அக்காவிடம் எடுபட வேண்டுமே.

அலமேலு அக்கா எனக்குப் பக்கத்து வீடு. மலாக்காச் செட்டி. பல தலைமுறைக்கு முன் வணிகம் செய்ய வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர்களின் வம்சம். கோயிலும் பெயரும் நம்முடையவை. உடுப்பு சரோங் கைலியும் கெபாயாவும். பேச்சு மலாய். தமிழில் அவர் சுத்தமாகச் சொல்லும் வார்த்தைகளை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டது அதில் ஒன்று. அவர் மலாயில் சொன்னதை நான் என் தமிழில் போடுகிறேன். அதற்குள் இருந்த காரத்தை மட்டும் என்னால் போட முடியாது.

"ஈரக் கையோட வரிசையில நிக்கிற பொம்பள அரிசிக்கு ஒரு தரம், உப்புக்கு ஒரு தரம், தீப்பெட்டிக்கு ஒரு தரம் நிக்கணுமா? ஒரு வீட்டுக்கு ஒரு பொட்டலம். கையில வாங்கினா அன்னிக்கே அடுப்பு எரியணும்," என்றார் அக்கா.

சேதுராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தெருவிலிருந்த பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்த பிறகு எந்தக் கமிட்டியும் செல்லாது. பழைய சரோங்குகளைச் சதுரமாகக் கிழித்தார்கள். ஒவ்வொன்றிலும் அரிசி, உப்பு, நெத்திலிக் கருவாடு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி. கடைசியில் எல்லாப் பொட்டலமும் அக்காவின் கைக்குப் போகும். அவர் உள்ளே எதையோ செருகி, நாலு முனையையும் இழுத்து முடிச்சுப் போடுவார். என்ன செருகுகிறார் என்று நான் கவனிக்கவில்லை. லாரியில் இடம் போதுமா என்பதுதான் என் கவலை.

அக்காவின் ஒரே மகள் நாகம்மா அந்த வெள்ளத்துக்குள்தான் இருந்தாள். இது ஊருக்கே தெரியும். ஜெமந்தாவைத் தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டத்தில், தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த தேவதாஸ் என்ற பையனை அவளாகவே பிடித்துக் கட்டிக்கொண்டாள். தோட்டத்துத் தமிழன். அப்பா தெய்வநாயகம் இறந்து வருஷம் திரும்புவதற்குள் இது நடந்துவிட்டது. அக்காவுக்கு அதுதான் ஆறவில்லை. இனி உன் வாசலில் என் கால் படாது என்று சொல்லிவிட்டார். மகளும் அம்மாவுக்குத் தப்பிப் பிறக்கவில்லை, வீம்பில் இரண்டு பேரும் ஒரே அச்சு. இரண்டு பொங்கல் வந்து போயிற்று. மழைக்கு முன் பேரன் பிறந்திருக்கிறான் என்று யாரோ சந்தையில் வந்து சொன்னார்கள். அப்படியா என்று கேட்டுவிட்டு அக்கா மீனை முகர்ந்து பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அது நல்ல மீன். வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

ஆகவே, லாரி கிளம்பும் அன்று காலையில் அக்கா வெற்றிலைப் பையோடு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. சேதுராமன் நடுவில் ஒடுங்கிக்கொண்டார்.

ஜாசின் வழியாகப் போய்க் கேசாங் ஆற்றைத் தாண்டினால் ஜோகூர். அதுவரைக்கும் பாட்டுத்தான். சேதுராமனுக்கு நல்ல குரல். தங்காக்கைத் தாண்டியதும் சாலையில் தடுப்பு போட்டிருந்தார்கள். முள்கம்பி, மணல் மூட்டை, துப்பாக்கியோடு போலீஸ். அதைப் பார்த்ததும்தான் எனக்குச் சட்டம் ஞாபகம் வந்தது.

அவசரகாலம் அப்போது முடிந்திருக்கவில்லை. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாது என்று அரசாங்கம் உணவுக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தது. அரிசியைத் துணியில் மறைத்துக் கொண்டுபோனால் ஜெயில்தான். ஆனால் மலாக்காக் கரையோரம் அமைதியாக இருக்கிறது என்று எங்களுக்கு மட்டும் முன்பே அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். சுகம் கண்டவனுக்கு ஞாபகம் ஏது? ஊரே கூடிக் கட்டினோமே, ஒருவருக்காவது தோன்றவில்லை. துறைமுகத்துக் கணக்கெல்லாம் தெரிந்த சேதுராமனுக்கும் தோன்றவில்லை.

போலீஸ் கார்ப்பரல் ஒருவர் வந்தார், மலாய்க்காரர், மீசை வைத்தவர். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பொட்டலத்தை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். அரிசி, உப்பு, கருவாடு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி. காட்டில் ஒளிந்திருக்கிறவனுக்கு ஒருத்தி பார்த்துப் பார்த்துக் கட்டினால் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது. லாரி நிறைய அதுதான்.

"இறங்கு," என்றார் என்னிடம்.

கோயில், வெள்ளம், கமிட்டி என்று சேதுராமன் நடுங்கும் குரலில் விளக்கினார். கார்ப்பரல் கேட்டுக்கொண்டே அடுத்ததை அவிழ்த்தார், அதற்கடுத்ததையும் அவிழ்த்தார். பிறகு உள்ளிருந்து ஒரு சின்னக் காகித மடிப்பை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது ஜாமு. பிள்ளை பெத்த பொம்பளைக்குக் குடுக்கிற பொடி. என் பெண்டாட்டி குடிச்சிருக்கா." இன்னொரு பொட்டலத்தை அவிழ்த்தார். அதிலும் ஒரு மடிப்பு. இன்னொன்று, அதிலும். "என்ன இது? வெள்ளத்துல மாட்டின அத்தனை வீட்டுலயுமா பிள்ளை பெத்திருக்காங்க?"

நாங்கள் இரண்டு பேரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அக்கா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது அவ கைக்குப் போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "அதான் எல்லாத்தையும் அவளுக்கே கட்டினேன்."

எழுபது வயதுக் கிழவனுக்கு ஒரு பொட்டலம் போயிருந்தாலும் அவனுக்கும் பிள்ளைபெற்றவள் மருந்து கிடைத்திருக்கும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

காட்டில் இருக்கிறவனுக்கு யாரும் ஜாமு அனுப்ப மாட்டார்கள் என்று கார்ப்பரலுக்குப் புரிந்துவிட்டது. எங்களைப் பிடித்து வைக்கவில்லை. ஆனால் சட்டத்தையும் விடவில்லை. பொட்டலமாக ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது, எல்லாவற்றையும் பிரித்து இனவாரியாக மூட்டை கட்டினால் விடுகிறேன் என்றார். சாக்குகளும் கொடுத்தார். அக்கா இறங்கி ரோட்டோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தான் போட்ட முடிச்சுகளைத் தானே அவிழ்க்கத் தொடங்கினார். சேதுராமனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த மனிதரை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்துப்போயிற்று.

"ஜாமுவத் தனியா ஒரு சாக்குல போடுறேங்க்கா. கைக்குழந்தக்காரங்க இருக்கிற முகாமுக்குன்னு சொல்லிடுறேன்," என்றார்.

"சரி தம்பி," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு நாங்கள் தனியாகப் போக முடியாது. உணவு லாரிகளெல்லாம் வரிசையாக, முன்னால் ஒரு ராணுவ வண்டி, பின்னால் ஒரு ராணுவ வண்டி. தார்ப்பாயை இறுக்கிக் கட்டியாயிற்று. கார்ப்பரல் ஒவ்வொரு ஓட்டுநரிடமும் வந்து சொன்னார்.

"வழியில நிக்காதே. யார் கை காட்டினாலும் நிக்காதே. போன வாரம் ஒருத்தன் பாவம் பார்த்து நின்னான். ஜனம் ஏறிடுச்சு. பின்னால வந்த லாரியெல்லாம் ரோட்டிலேயே மாட்டிக்கிட்டு ராத்திரி தண்ணி ஏறிடுச்சு. சிகாமட்ல கூரை மேல உக்காந்திருந்தவங்களுக்கு ஒண்ணும் போய்ச் சேரல."

திரும்பி வருவதும் அந்த வழியாக இல்லை. மிஞ்சியிருந்தது ஒற்றை லாரி போகும் அளவுக்குத்தான் ரோடு. எதிரெதிரே வந்தால் ஒன்று ஆற்றில் இறங்க வேண்டியதுதான். அதனால் போவது ஜெமந்தா வழி, இறக்கிவிட்டுத் திரும்புவது கிமாஸ், தம்பின் என்று ஒரு சுற்று. நல்ல ஏற்பாடுதான், ஆனால் திரும்பும்போதும் நாகம்மாவின் தோட்டம் எங்கள் வழியில் வராது. அப்போது எனக்கு அதைப் போட்டவன் மேல் வந்த ஆத்திரத்தை மட்டும் கேட்காதீர்கள்.

ஜெமந்தாவைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் இடுப்புவரை தண்ணீரில் நின்றன. சேற்று நாற்றம். ரோட்டின் மேலேயே அங்கங்கே தண்ணீர் ஓடியது. அக்கா கண்ணாடியோரம் சாய்ந்து ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் பார்த்தபடி வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. சேதுராமன் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார்.

நாகம்மா இருந்த தோட்டத்தின் பெயரை அவர் படித்ததும் கொஞ்ச தூரத்தில் ஒரு மேடு வந்தது. லயத்து வீடுகளில் இருந்த தோட்டத்து ஜனங்கள் அத்தனை பேரும் அங்கே ஏறி, சாக்கையும் தகரத்தையும் போட்டுக் குடிசை கட்டியிருந்தார்கள். லாரிச் சத்தம் கேட்டதும் ரோட்டோரம் ஓடி வந்து நின்றார்கள். பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினார்கள். முதல் லாரி போயிற்று, இரண்டாவது போயிற்று.

"அதோ," என்றார் அக்கா.

நானும் பார்த்துவிட்டேன். எங்கள் தெருவில் வளர்ந்த பெண்ணை எனக்குத் தெரியாதா? இளைத்துக் கறுத்துப் போயிருந்தாள். சரோங் முழங்கால்வரை சேறு. இடுப்பில் துண்டில் சுற்றிய குழந்தை. அவள் முதலில் லாரியை அடையாளம் கண்டாள். அந்த இருமல் அவள் கேட்டு வளர்ந்த சத்தம். கை தூக்கினாள். பிறகு முன் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

என் கால் எண்ணெய் மிதியை விட்டுவிட்டது. நான் விட்டேன் என்று சொல்ல மாட்டேன், அதுவாக விட்டுவிட்டது. வண்டி தயங்கியது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். ஜனங்கள் வண்டி தங்களுக்காகத்தான் நிற்கிறது என்று நினைத்து எங்கள் பக்கம் நகர்ந்தார்கள்.

"அக்கா, நிறுத்தறேன்க்கா," என்றேன். "வர்றது வரட்டும். ஒரே ஒரு சாக்கைத் தள்ளிவிட்டுட்டுப் போயிடுவோம்."

சேதுராமன் கண்ணை மூடிக்கொண்டதை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

அக்கா மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஜாலான்."

போ என்று அர்த்தம். நான் இன்னொரு தரம் அக்கா என்றேன். அவர் சேதுராமனைத் தாண்டிக் கையை நீட்டி என் முழங்காலில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "கூரை மேல உக்காந்திருக்கிறவளுக்கும் அம்மா இருக்கா. போடா தம்பி, போ!"

போனேன். நாகம்மா கொஞ்ச தூரம் ரோட்டோரமாகவே ஓடி வந்தாள். குழந்தையோடு எவ்வளவு ஓட முடியும்? நின்றுவிட்டாள். அக்கா கை அசைக்கவில்லை. எட்டிப் பார்க்கவுமில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, விரலோடு விரலைக் கோத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி வந்தார். எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம் கோபமாக வந்தது. கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டினேன். சிகாமட் வந்து வண்டியை நிறுத்தியபோது அவரால் அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. சேதுராமன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

இறக்கினோம். அரிசி அரிசியோடு போயிற்று, உப்பு உப்போடு போயிற்று. அங்கே நான் பார்த்த ஜனங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. நாங்கள் நின்றிருக்கக் கூடாது என்பது மட்டும் அங்கே புரிந்தது. புரிந்தும் மனசு ஆறவில்லை. தம்பின் வழியாகத் திரும்பினோம். என் வண்டி எஞ்சினில் தண்ணீர் ஏறி, வீடு வந்த கையோடு படுத்துவிட்டது. அந்த மழையில் அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? பெற்ற பெண்ணை ரோட்டில் விட்டுவிட்டு வந்தவள் என்று பாதிப் பேர். செய்ததுதான் சரி என்று பாதிப் பேர். அக்கா காலையில் முற்றம் பெருக்குவார், கோயிலுக்குப் போவார். அவர் வீட்டு அடுப்பிலிருந்து எப்போதும் வரும் அந்தத் தேங்காய்ப்பால் வாசனை நின்றுவிட்டது. என் மனைவி கோகிலா சோறு கொண்டுபோய்க் கொடுத்தால் மூடி வைத்துவிடுவார். நாகம்மா இருக்கிறாளா, என்ன ஆனாள், ஒன்றும் தெரியவில்லை. கேட்டுச் சொல்ல ஆளில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: "தம்பி, அவ என்னப் பார்த்தாளா? சரியாப் பார்த்தாளா?" பார்த்தாள் என்றேன். சந்தோஷப்பட்டாரா, பயந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

போகி வந்தது. செட்டிகள் அன்றைக்கு இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். பர்ச்சு என்பார்கள் அதை. செத்தவர்களுக்கு உயிரோடு இருந்தபோது என்னென்ன பிடிக்குமோ அத்தனையும் சமைத்து, வாழை இலை விரித்துப் பரிமாறி, சாம்பிராணி போட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். இறந்துபோன பெரியவர்கள் வந்து சாப்பிட்டுப் போன பிறகுதான் வீட்டில் யாரும் கை வைக்கலாம். சமைக்கும்போது உப்புக்கூடப் பார்க்க மாட்டார்கள். அக்கா இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. ஒரு தரம் ஒரு பெண் அப்பத்தின் ஓரத்தைக் கிள்ளிவிட்டாள் என்று அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி சுட்டவர்.

அன்று மத்தியானம் நாங்களும் போயிருந்தோம், சேதுராமனும் வந்திருந்தார். முதல் இலை அக்காவின் புருஷன் தெய்வநாயகத்துக்கு. கதவைச் சாத்தியாயிற்று. எல்லாரும் கதவுக்கு வெளியே சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் வாசல்படியில் நிழல் விழுந்தது. நாகம்மா. தம்பின்வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்திருக்கிறாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

அக்கா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, மகள் வாயைத் திறப்பதற்கு முன் அவரே சொன்னார்: "பொன்னுதுரை நிறுத்தத்தான் பார்த்தான். நான்தான் போகச் சொன்னேன். அவனைத் திட்டாதே."

"தெரியும்மா."

"ஜாமுவாவது வந்துச்சா உனக்கு?"

"என்ன ஜாமு?" என்றாள் நாகம்மா. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சேதுராமன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சாக்கு வேறு ஏதோ முகாமுக்குப் போயிருக்கிறது. அத்தனை மடிப்பில் ஒன்றுகூட இவளிடம் வரவில்லை.

அக்காவின் முகம் உடைந்துவிட்டது. "ஒண்ணுமே வரலையா? நான் கட்டினது ஒண்ணுமே உனக்கு வரலையா?"

நாகம்மா குழந்தையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "அரிசி மெதுவாத்தாம்மா வந்துச்சு," என்றாள். "எல்லாத்துக்கும் முன்னால நீ வந்துட்ட."

அக்கா எழுந்தார். நேராகப் போய்ச் சாத்தியிருந்த கதவைத் தள்ளித் திறந்தார். கூடியிருந்த பெரியவர்கள் ஐயையோ என்றார்கள். அவர் கேட்டால்தானே? உள்ளே போய், புகை சூழ இருந்த தெய்வநாயகத்தின் இலையை இரண்டு கையாலும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மகளின் மடியில் வைத்தார்.

"அப்பாவோடதும்மா," என்றாள் நாகம்மா பயந்துபோய்.

"அவர் செத்தவர். பொறுத்துக்குவார்," என்றார் அக்கா. சோற்றைப் பிசைந்து உருட்டி மகளின் வாயருகே நீட்டினார். "நீ சாப்பிடு."

நாகம்மா அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.